8,627 முறை ‘உள்ளேன் ஐயா’

(ஆசிரியர்களுக்கான கலைக் கல்விப் பணிமனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தூக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய நேரம் இது என்பது வகுப்பெடுக்கும் நம் எல்லாருக்கும் தெரியும். இன்று நான் பேசப்போகும் கலைஞரும் ஓராண்டு முழுவதும் தூக்கத்தோடு மல்லுக்கட்டியவர்தான். அதனால் யாராவது கண்ணயர்ந்தால் தலைப்புக்குப் பொருத்தமான செயலாகவே அதை எடுத்துக்கொள்வேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இக்காலக் கலையில் இருத்தல், தனிமை, சுதந்திரம்’. மூன்றும் பெரிய சொற்கள். பத்துக் கலைஞர்களின் பெயரைச் சொல்லி, பத்துப் படங்களைத் திரையில் ஓட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதைவிட ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் செய்ததை நிதானமாகப் பார்ப்பது பயன்படும் என்று நினைக்கிறேன். அழகான படங்கள் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இவர் இருபதுகளின் தொடக்கத்திலேயே தூரிகையைக் கீழே வைத்துவிட்டவர்.

பெயர் டெச்சிங் ஷியே. 1950ஆம் ஆண்டின் கடைசி நாளில் தைவானில் பிறந்தவர். வீட்டில் 15 பிள்ளைகள். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். ஓவியம் வரைந்தார். கட்டாய ராணுவப் பணி முடித்து வந்தபின் 1973இல் ஓவியத்தை நிறுத்தினார். அதே ஆண்டில் ஒரு கட்டடத்தின் மாடிச் சன்னலிலிருந்து குதித்து அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு கணுக்கால்களும் உடைந்தன. இளமையின் முரட்டுத்தனம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் படைப்பைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. பிள்ளைகளிடம் சொல்லவும் வேண்டாம்.

1974இல் மாலுமியாகப் பயிற்சி பெற்றுக் கப்பலேறினார். அமெரிக்காவின் பிலடெல்பியா அருகே கப்பல் நின்றபோது இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கையில் குடியுரிமைத் தாள் கிடையாது, வேலை அனுமதி கிடையாது, ஆங்கிலமும் சரியாக வராது. உணவகங்களில் பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார். 1988இல் பொதுமன்னிப்பு கிடைக்கும்வரை 14 ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் படாத மனிதராகவே வாழ்ந்தார். இதற்கிடையில் 1978இல் ஒரு சுவரொட்டி தயாரித்தார். ‘குடிவரவுத் துறையால் தேடப்படும் நபர்’ என்ற தலைப்பு. கீழே அவருடைய படம், கைரேகை, அங்க அடையாளம். தேடப்படுபவரே ஒட்டிய சுவரொட்டி! ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொன்னால் நாடு கடத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் இல்லாத மனிதராகிவிடுவார். இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து.

வேலை முடிந்து வந்தபின் அவர் தன் இடத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருப்பாராம். என்ன படைப்பது, எதைச் செய்வது என்று யோசித்து யோசித்து நாள்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் அவருக்கு ஒன்று பட்டது. இந்த நடையும் யோசனையும், இப்படிக் காலம் கழிவதும்தானே என் வாழ்க்கை. இதையே படைப்பாக்கினால் என்ன?

1978 செப்டம்பரின் கடைசியில் தொடங்கினார். நியூயார்க்கில் தான் வசித்த கட்டடத்தின் உள்ளே மரக் கம்பிகளால் ஒரு கூண்டு கட்டினார். ஏறக்குறைய 11½ அடி நீளம், 9 அடி அகலம், 8 அடி உயரம். உள்ளே ஒரு கட்டில், கை கழுவும் தொட்டி, விளக்கு, ஒரு வாளி. தலையை மழித்துக்கொண்டு உள்ளே போனார். வழக்கறிஞர் ஒருவர் வந்து, கையெழுத்திட்ட தாள்களை ஒட்டி முத்திரையிட்டார். விதிகளை முன்னதாகவே தட்டச்சு செய்து, தானே கையெழுத்துப் போட்டு அறிவித்திருந்தார். ஓராண்டுக்கு யாரோடும் பேசுவதில்லை, படிப்பதில்லை, எழுதுவதில்லை, வானொலி கேட்பதில்லை, தொலைக்காட்சி பார்ப்பதில்லை. நண்பர் ஒருவர் தினமும் சாப்பாடு கொண்டுவருவார், துணி மாற்றுவார், கழிவை எடுத்துப் போவார். அவரோடும் பேச்சு இல்லை. நாளுக்கு ஒரு புகைப்படம். குறிப்பிட்ட சில நாள்களில் பொதுமக்கள் வந்து பார்க்கலாம். வந்தவர்களிடமும் அவர் பேசவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகம் இல்லாத தனிமை. எழுதுகோல் இல்லாத தனிமை. உடலைச் சிறைவைத்தாலும் யாராலும் அடைக்க முடியாத ஒன்று எஞ்சும் அல்லவா, சிந்தனை. அது மட்டும்தான் அவருக்கு மிஞ்சியது. தன் சிந்தனை அந்தக் கூண்டில் சுதந்திரமாக இருந்தது என்று பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், தோளைத் தொடும் முடியோடு வெளியே வந்தார்.

இங்கே கொஞ்சம் தத்துவம் பேசியாக வேண்டும். தமிழில் ‘இருத்தலியல்’ என்கிறோம். எஸ்.வி. ராஜதுரை எழுதிய ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்’ 1970களிலேயே வந்துவிட்டது, நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். நான் நமக்குக் கைவந்த பொருளை வைத்துச் சொல்கிறேன். சுண்ணக்கட்டி செய்கிறவருக்கு அது எதற்கு என்பது முன்பே தெரியும். எழுதுவதற்கு. அந்த நோக்கம் முதலில் வந்தது, சுண்ணக்கட்டி பிறகு வந்தது. மனிதன் அப்படி இல்லை என்கிறார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர். மனிதன் முதலில் இருக்கிறான். எதற்காக என்பதை அவனே பிறகு தன் தேர்வுகளால் உண்டாக்கிக்கொள்கிறான். உலகப் போர் முடிந்த 1945இல் பாரிஸில் ஆற்றிய ஒரு பொது உரையில் அவர் இதை விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் காகிதம் வெட்டும் கத்தி. அந்த உரையைக் கேட்க அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. இங்கே நாற்காலிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, பரவாயில்லை.

பிள்ளை பிறக்கும் முன்பே ‘எங்க வீட்டு டாக்டர்’ என்று பெயர் வைத்துவிடுகிற ஊர் நம்முடையது. பிள்ளையைச் சுண்ணக்கட்டியாகச் செய்துவிடுகிறோம். நோக்கம் முதலில், பிள்ளை பிறகு. ஒன்பதாம் வகுப்பில் ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிற பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தக் கேள்வியை அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

சார்த்தரின் காலத்தவரான கமு 1942இல் ஒரு கிரேக்கப் பழங்கதையை எடுத்துக்கொண்டார். சிசிபஸ் என்பவனுக்குக் கடவுள்கள் தண்டனை கொடுக்கிறார்கள்: பாறையை மலை உச்சிக்கு உருட்ட வேண்டும், அது உருண்டு கீழே வரும், மறுபடி உருட்ட வேண்டும், முடிவே இல்லை. அந்தப் பாறை தன்னுடையது என்று அவன் அறிந்துகொண்டுவிட்டால் தண்டனை கொடுத்தவர்களால் அவனை ஒன்றும் செய்ய முடியாது என்கிற இடத்துக்குக் கமு போகிறார். ஷியே அதற்கும் ஒரு படி மேலே போனார். எந்தக் கடவுளும் சொல்லாமலே, தன் பாறையைத் தானே தேர்ந்தெடுத்தார்.

“சார், இதெல்லாம் கலையா?” என்று உங்கள் வகுப்பில் முதல் கை உயரும். நியாயமான கேள்வி. ஓவியருக்கு வண்ணம், சிற்பிக்குக் கல். இவர் எடுத்துக்கொண்ட பொருள் காலம். அது ஏழை பணக்காரர் எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பது. வெறுமனே கஷ்டப்பட்டால் அது கலை ஆகிவிடாது. அப்படியானால் நம் ஊர்ப் பேருந்தில் தினமும் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் கலைஞர்கள்தாம். ஷியேயின் செயலுக்கு ஒரு விதி இருக்கிறது, தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கின்றன, சாட்சி இருக்கிறது, பதிவு இருக்கிறது. ஓவியத்துக்குச் சட்டம்போல இவைதான் சட்டம். இது என் பதில். மாணவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம்; ஒப்புக்கொள்ளாத மாணவரோடு பேசுவதற்குத்தானே இந்தப் பாடம்.

இரண்டாவது கேள்வி கடினமானது. தன் விருப்பத்தால் சிறை புகுந்தவரைப் பாராட்டுகிறோமே, விருப்பமில்லாமல் தனிக்கொட்டடியில் கிடப்பவரிடம் போய் இது கலை என்று சொல்ல முடியுமா? முடியாது. கூண்டு ஒன்றுதான், கம்பி ஒன்றுதான், உள்ளே கழியும் நாளும் ஒன்றுதான். புகைப்படத்தில் பார்த்தால் கைதியும் கலைஞரும் ஒரேமாதிரி தெரிவார்கள். ஆனால் ஒருவர் நினைத்தால் வெளியே வரலாம், மற்றவரால் முடியாது. இந்தச் சங்கடம் எனக்குத் தீரவில்லை. தீராமல் இருப்பதில்தான் இந்தப் படைப்பின் வலு இருக்கிறது என்றும் நினைக்கிறேன். பார்ப்பவரால் வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதை அது நமக்கு உறைக்கச் செய்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வீட்டுக்குள் போன ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பிள்ளையும் ஒரு கூண்டில் இருந்துவிட்டுத்தான் வந்தது. அது எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது நான் அதிகம் நேசிக்கும் படைப்புக்கு வருகிறேன்.

1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை. தொழிற்சாலைகளில் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அட்டையைச் செருகி நேரம் பதிக்கும் கடிகாரம் இருக்குமே, அந்தக் கடிகாரம் ஒன்றைத் தன் அறையில் மாட்டினார். ஒரு நாளின் 24 மணிகளிலும், மணி சரியாக அடிக்கும்போது, அட்டையைச் செருகிப் பதிய வேண்டும். பதிந்த உடனே அறையைவிட்டுப் போய்விட வேண்டும். தொழிலாளியைப் போலச் சாம்பல் நிறச் சீருடை. ஒவ்வொரு முறை பதியும்போதும் திரைப்படக் கருவியில் ஒரே ஒரு சட்டகம் எடுப்பார். அதாவது, ஓராண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப முடியாத எந்த இடத்துக்கும் போக முடியாது. திரைப்படம் பார்க்க முடியாது, ஊருக்குப் போக முடியாது. உழைப்பின் பயனாக எந்தப் பொருளும் உற்பத்தியாகவில்லை. பதிவதுதான் வேலை, பதிவுதான் விளைச்சல்.

அந்த ஆண்டு முழுவதும் எடுத்த சட்டகங்களை ஓட்டினால் சுமார் 6 நிமிடப் படம். தொடக்கத்தில் மழித்த தலை. கண்முன்னே முடி வளர்ந்துகொண்டே போகிறது. உடம்பு துடிக்கிறது, நடுங்குவதுபோல் இருக்கிறது. அவர் நடுங்கவில்லை, ஒவ்வொரு மணிக்கும் அவர் நின்ற நிலை சற்றே மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடிகார முள் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஒரு மனிதருடைய ஓராண்டு, நாம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் போய்விடுகிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வரும். ‘உள்ளேன் ஐயா!’ இப்போது எமிஸ் செயலியில் விரலால் தட்டுகிறோம். என்றாலும் பெயரைக் கூப்பிடும் வழக்கம் பல வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சற்று உற்றுக் கேளுங்கள். ‘வந்திருக்கிறேன்’ என்று சொல்வதில்லை, ‘உள்ளேன்’. இருக்கிறேன். தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுவதை நம் பிள்ளைகள் தினமும் காலையில் எழுந்து நின்று ஒரே சொல்லில் சொல்கிறார்கள். நாம் தலை நிமிராமல் ஒரு கோடு போடுகிறோம். ஷியே ஓராண்டு செய்ததும் இதுதான். எந்த அரசின் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஒருவர், தானே ஒரு பதிவேடு போட்டுக்கொண்டு, தானே பெயரைக் கூப்பிட்டு, தானே ‘உள்ளேன்’ என்றார்.

எத்தனை முறை? ஓராண்டுக்கு 8,760 மணி. அவர் பதிந்தது 8,627. விட்டுப்போனவை 133.

இந்த 133தான் எனக்கு முக்கியம். அவர் அதை மறைக்கவில்லை. விட்டுப்போனவற்றுக்கென்று தனியே ஒரு பட்டியல் போட்டு, அதையும் படைப்போடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். தூங்கிவிட்டதால் விட்டவை 94. தாமதமாகப் பதிந்தவை 29. முந்திப் பதிந்தவை 10. மனித உடம்பின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை 8,627 பதிவுகள் சொல்வதைவிட இந்த 133 அதிகம் சொல்கிறது. பார்க்க யாரும் இல்லாத பின்னிரவு 3 மணியில் கடிகாரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அட்டைகளில் கையெழுத்திட ஒரு சாட்சியை வைத்துக்கொண்டது அதற்காகத்தான். அரசு ஊழியராக இருக்கும் நமக்குப் பதிவேடு என்றாலே ஆய்வு அலுவலர் ஞாபகம் வரும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். ஓட்டை விழுந்த பதிவேட்டை ஓட்டையோடு வைத்து, ஒவ்வோர் ஓட்டைக்கும் காரணம் எழுதிய ஒருவரைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மூன்றாவது ஆண்டுச் செயல், 1981 செப்டம்பர் 26 முதல் ஓராண்டு. கூண்டுக்கு நேர் எதிர். எந்தக் கூரைக்குக் கீழும் போவதில்லை என்பது விதி. கட்டடம், சுரங்க ரயில், கார், விமானம், கப்பல், குகை, கூடாரம் எதுவும் கூடாது. ஓர் உறக்கப் பை மட்டும் உண்டு. நியூயார்க்கின் பனிக்காலம் உட்பட ஓராண்டு தெருவில். தினமும் நகர வரைபடத்தின் ஒரு படியில் எங்கே நடந்தேன், எங்கே சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்று குறித்துவைத்தார். நடுவில் ஒரு கைகலப்பு. காவலர்கள் இழுத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்துக்குள் தள்ளினார்கள். அந்த ஆண்டில் அவர் கூரைக்கடியில் கழித்தது அந்தச் சுமார் 15 மணி நேரம்தான். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவருடைய விதியைக் கேட்டறிந்த நீதிபதி, விசாரணை முடியும்வரை அவர் கட்டடத்துக்கு வெளியிலேயே இருக்க அனுமதித்தார். ஆவணமில்லாத ஒருவர், வீடில்லாத ஒருவர், தன் விதியை முன்வைக்க, ஒரு நீதிமன்றம் அதற்கு மதிப்புக் கொடுத்தது. இது எனக்கு மிகவும் பிடித்த தகவல். எந்த நாட்டில் எத்தனை பேருக்கு இப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள்.

அடுத்தது கயிறு. 1983 ஜூலை 4 முதல் 1984 ஜூலை 4 வரை. தற்செயலோ திட்டமோ, இரண்டும் அமெரிக்கச் சுதந்திர நாள். லிண்டா மான்டானோ என்ற பெண் கலைஞரும் ஷியேயும் இடுப்பில் 8 அடிக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு ஓராண்டு வாழ்ந்தார்கள். ஒருவரையொருவர் தொடக் கூடாது. வீட்டுக்குள் இருந்தால் ஒரே அறையில் இருக்க வேண்டும். இருவரும் தம்பதியரும் அல்லர், நெடுநாள் பழகிய நண்பர்களும் அல்லர். மான்டானோ இளமையில் கன்னியர் மடத்தில் பயிற்சிபெற்றவர். அவர் கட்டுப்பாட்டை ஒருவிதமாகப் புரிந்துகொண்டவர், இவர் வேறுவிதமாக.

இருவரும் மிகவும் சண்டை போட்டார்கள். ஒருவர் வெளியே போக நினைத்தால் மற்றவர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் இருவருக்கும் வேண்டாம். முதலில் மணிக்கணக்கில் பேசித் தீர்த்தார்கள். பிறகு பேச்சு குறைந்து கயிற்றை இழுத்தார்கள். பிறகு சைகை. கடைசியில் வெறும் முனகல். அன்றாடப் பேச்சை ஒலிநாடாவில் பதிந்தார்கள், ஆனால் நாடாக்களை முத்திரையிட்டு மூடிவிட்டார்கள். அவை கேட்பதற்கானவை அல்ல. கூண்டில் இருந்தவருக்குத் தனிமை வந்தது இயல்பு. எட்டடி தூரத்தில் இரவும் பகலும் இன்னொருவர் இருக்கும்போதும் தனிமை வந்தது.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஆண்டு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இடத்தை நாம்தான் ஒதுக்குகிறோம். உயரத்தின்படி, மதிப்பெண்ணின்படி, ‘வாயாடியைப் பிரித்துப் போடு’ என்ற விதிப்படி. பக்கத்தில் ஆள் இருப்பதால் தனிமை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். ‘அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்லை’ என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டுகிறோமே, அந்த அமைதி எந்தக் கட்டத்து அமைதி? பேசிப் பார்த்து, கயிற்றை இழுத்துப் பார்த்து, ஓய்ந்துபோன அமைதியாகவும் அது இருக்கலாம். தானாக விரும்பி ஓரமாக உட்கார்ந்து படிக்கிற, வரைகிற, கனவு காண்கிற பிள்ளையின் அமைதியாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையைக் ‘கலகலப்பாக இரு’ என்று இழுத்துவிடுவதும் ஒருவகை அத்துமீறல்தான். புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று கூண்டைப் பற்றிச் சொன்னேனே, அதேதான்.

பிறகு 1985–86இல் ஓராண்டு கலையையே தொடாமல், பார்க்காமல், பேசாமல், படிக்காமல் இருந்தார். 1986இன் கடைசி நாளில், தன் 36ஆவது பிறந்தநாளில், 13 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்: கலை படைப்பேன், யாருக்கும் காட்ட மாட்டேன். 1999 டிசம்பர் 31இல் அது முடிந்தது. மறுநாள் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, உயிரோடு இருந்தேன் என்ற அளவில் மட்டும் அறிவித்தார். அதன்பின் படைப்பதை நிறுத்திக்கொண்டார். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவரைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். 2009இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கூண்டைக் காட்சிக்கு வைத்தது. 2017இல் வெனிஸ் இருபதாண்டு அல்ல, ஈராண்டுக் கலைவிழாவில் தைவானின் சார்பில் அவருடைய படைப்புகள் இடம்பெற்றன.

சரி, வகுப்பறைக்கு என்ன கொண்டுபோகலாம்? முதலில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ‘ஒரு நாள் முழுவதும் பேசாமல் இரு’, ‘தனியாக உட்கார்’ போன்ற பயிற்சிகள் வேண்டவே வேண்டாம். ஷியே தனக்குத்தானே போட்ட விதியை நாம் இன்னொருவருக்குப் போட்டால் அது தண்டனை. பட்டினி, கண்விழிப்பு எதுவும் கூடாது. மேல்நிலை வகுப்பு மாணவரிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளின் மனநிலையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் செய்துவருவது ஓர் அட்டை. பழைய திருமண அழைப்பிதழின் வெற்றுப் பக்கம் போதும். ஏழு கட்டம் போட வேண்டும், ஒரு வாரத்துக்கு. மேலே பிள்ளை தன் விதியைத் தானே எழுத வேண்டும். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஐந்து நிமிடத்துக்குள் செய்யக்கூடியது, யாருக்கும் வலிக்காதது, பணம் செலவாகாதது. ஒருத்தி இடைவேளை மணி அடித்ததும் அதே வேப்பமரத்தை அதே இடத்தில் நின்று வரைந்தாள். ஒருவன் தினமும் இதுவரை பேசாத ஒருவருக்கு வணக்கம் சொன்னான். மூன்றாம் நாள் தலைமையாசிரியருக்கே சொல்லிவிட்டான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடிப் புட்டியும் புளியங்கொட்டையும் போதும், நாளுக்கு ஒன்று போடலாம். அட்டையின் கீழே சாட்சிக் கையெழுத்து. சாட்சியைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டுப்போன நாளில் கட்டத்தை நிரப்பக் கூடாது. ஏன் விட்டது என்று சாட்சி எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. வாரம் முடிந்ததும் அட்டைகளைக் கயிற்றில் கோத்து வகுப்பில் தொங்கவிடுவோம்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். கடைசி வரிசை. பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று தெளிவாகச் சொல்வான். அப்போது அவனுக்குத் தெரிந்த தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான். பள்ளியில் இருந்த அத்தனை மணி நேரத்திலும் அவன் வாய் திறந்தது அந்த ஒரு சொல்லுக்காக. அட்டையில் மேலே ஒடியா எழுத்தில் எதையோ எழுதினான். என்ன விதி என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. கட்டங்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். தினமும் காலையில் தன் காலடியை, செம்மண் படிந்த செருப்போடு, வரைந்துவந்தான். ஐந்து கட்டங்களில் செருப்பு இருந்தது. இரண்டு கட்டங்கள் காலி. என் பதிவேட்டில் அந்த இரண்டு நாளுக்கும் இருந்தது விடுப்பு என்ற ஒரு குறி. அவன் அட்டையில், சாட்சியாக இருந்த பெண் பிள்ளையின் கையெழுத்தில், ‘தங்கச்சிக்குக் காய்ச்சல். அம்மா சூளைக்குப் போயாச்சு. இவன்தான் பார்த்துக்கிட்டான்’ என்று இருந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. எப்படிக் கேட்டாய் என்று விசாரித்தேன். “கையக் காட்டிக் காட்டிக் கேட்டேன் சார். நெத்தியத் தொட்டுக் காமிச்சான்” என்றாள்.

மேசையில் வெட்டிவைத்த அட்டைகள் இருக்கின்றன. வெளியே போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை தொடங்குங்கள். உங்கள் அட்டைக்குச் சாட்சியாக உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவரைக் கேளுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.